பரணிலிருந்து இறங்கிய எஞ்சின்

ஒரத்தநாட்டுக்கு ரயில் கிடையாது. தஞ்சாவூரிலிருந்து இந்த ஊர் வழியாகப் பட்டுக்கோட்டைக்குப் பாதை போட வேண்டும் என்ற பேச்சை, நான் இந்த ஊர் மாப்பிள்ளையாக வந்த 1978லிருந்து கேட்டு வருகிறேன். மனு, அளவெடுப்பு, தேர்தல் வாக்குறுதி எல்லாம் வந்து போயின. ரயில்தான் வரவில்லை. ஆனால் என் வீட்டு மாடியறையில் இரண்டு எஞ்சின்கள் ஓடுகின்றன. "ஒரத்தநாட்டுக்கு முதல் ரயில் எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு" என்று பேரன் தெருவெல்லாம் சொல்லிவிட்டான். பார்க்க வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்விதான்: "இந்த வயசுல எதுக்கு சார் இந்த பொம்மை?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

வழக்கமாக வாசிப்பவர்களுக்கு நான் காரைக்கால்காரன் என்பது தெரியும். 1950ல் பிறந்தேன். அப்போது அது பிரெஞ்சுக்காரர் ஊர். 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழுமையாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16ல். நான் பள்ளிக்கூடத்தில் காலெடுத்து வைத்ததும் பிரெஞ்சு மீடியம், வெளியே வந்ததும் பிரெஞ்சு மீடியம். பிறகு அரசு அலுவலகத்தில் எல்.டி.சி. ஆகி இங்கிலீஷில் நோட் எழுதத் தடுமாறிய கதையை முன்பே எழுதியிருக்கிறேன்.

1962ல் இணைந்தபோது ஒரு ஏற்பாடு இருந்தது. விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எழுதிக் கொடுத்தார். அவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். 1964ல் சொல்தா மாமா லீவில் வந்தபோது எனக்கு ஒரு அட்டைப்பெட்டி கொண்டுவந்தார். எனக்கு 14 வயது. தம்பிக்கு 10. மாமா பெட்டியை என் கையில்தான் கொடுத்தார். தம்பிக்கு ஒரு பேனாக் கத்தி.

பெட்டிக்குள் ஒரு மின்சார ரயில். பிரான்சில் ழுரா மலைப்பகுதியில் ஷாம்பஞோல் என்ற ஊரில் இருந்த ழுஎஃப் கம்பெனி செய்தது. நீள்வட்டமாகச் சேர்க்கிற தண்டவாளம், மூன்று பெட்டிகள், ஒரு பச்சை எஞ்சின். எஞ்சின் பக்கத்தில் 'பி பி 9201' என்று எழுதியிருக்கும். இந்த எழுத்தைப் பிரெஞ்சில் படித்தால் 'பெ பெ'. குழந்தை என்று அர்த்தம். அதனால் எங்கள் வீட்டில் அதற்கு அன்றிலிருந்து 'பெபே' என்றே பெயர். அசல் 9200 வகை எஞ்சின்கள் பிரான்சில் 1957 முதல் வந்தவை, 1,500 வோல்ட் மின்சாரத்தில் ஓடியவை. 1967ல் பாரீஸுக்கும் துலூஸுக்கும் இடையே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி இழுத்த பெருமை இந்த வகைக்கு உண்டு.

எங்களுக்கோ அது பெரிய புதிர். நாங்கள் பார்த்திருந்த ரயில் பேரளம் – காரைக்கால் மீட்டர் கேஜ் வண்டி ஒன்றுதான். 1898ல் போட்ட பாதை, ஏறக்குறைய 23 கிலோமீட்டர். திருநள்ளாறு தாண்டி வயலுக்கு நடுவே புகை விட்டுக்கொண்டு போகும். அதில் பழகிய கண்ணுக்குப் புகைபோக்கியே இல்லாத எஞ்சின் எப்படியிருக்கும்! "இதுக்குக் கரி எங்க போடுவாங்க?" என்று தெருப் பையன்கள் கேட்டார்கள். எஞ்சின் தலையில் இரண்டு கொம்புகள் இருந்தன, மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்க. சென்னையில் கடற்கரை – தாம்பரம் வண்டி 1931லிருந்தே மின்சாரத்தில் ஓடுகிறது என்று அப்பா சொன்னார். அதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த ரயிலை ஓட்ட டார்ச் செல்தான். ஆறு செல் வரிசையாக வைத்தால் 9 வோல்ட். நான் நான்குக்கு மேல் வைக்க விடமாட்டேன், செல் விலை அப்படி. அப்பாவின் மேஜைமேல் தண்டவாளம் போட்டு நான் ஓட்டுவேன். தம்பி பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். "அண்ணே, ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?" என்பான். "தொடாதே" என்பேன். ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

1965 கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், நான் கடைக்குப் போயிருந்த நேரம், சித்தி பிள்ளைகளைக் கூட்டிவைத்துக்கொண்டு தம்பி ரயில் ஓட்டினான். ஆறு செல்லையும் வைத்துவிட்டான். வளைவில் எஞ்சின் கவிழ்ந்து மேஜையிலிருந்து தரையில் விழுந்தது. நான் வாசலில் நுழைந்தபோதுதான் அந்தச் சத்தம். முன் கொம்பு ஒடிந்துபோயிற்று. அத்தனை பிள்ளைகள் முன்னாலும் அவனை ஓங்கி அறைந்தேன். அவன் அழவில்லை. ஒடிந்த கொம்பைத் தரையில் தேடி எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு அவன் அந்த ரயில் பக்கமே வரவில்லை. நான் ஓட்டும்போது பார்க்கக்கூட வரமாட்டான். பார்க்க ஆளில்லாமல் ரயில் ஓட்டுவதில் என்ன சுகம்? ஒரு வருஷத்தில் பெட்டியைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டேன்.

1971ல் எனக்கு வேலை கிடைத்தது. 1972ல் மாமா பிரான்சுக்கு வரச் சொல்லிக் கடிதம் எழுதினார், எனக்குத்தான். கிடைத்த அரசு வேலையை விட மனமில்லை என்று நான் பதில் எழுத, தம்பி போனான். பாரீஸ் பக்கத்தில் வேலை, கல்யாணம், ஒரு பெண் குழந்தை என்று அங்கேயே தங்கிவிட்டான். நான்கைந்து வருஷத்துக்கு ஒரு முறை வருவான். போனில் மழை, பென்ஷன், சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் பேசுவோம். பெபேயைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் அங்கே இறந்துபோனான். எங்களால் போக முடியவில்லை. செல்போன் திரையில் பார்த்ததுதான்.

இப்போது எஞ்சினுக்கு வருகிறேன்.

2010ல் ஓய்வு பெற்று மனைவியின் ஊரான ஒரத்தநாட்டுக்கு வந்தபோது அந்தப் பெட்டியும் மூட்டை முடிச்சோடு வந்து, இங்கே ஒரு பரணில் ஏறியது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் இந்தப் பக்கம் என்ன செய்தது என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் ஓட்டு வீட்டில் பாதி ஓடு பறந்துவிட்டது. பரணில் இருந்ததெல்லாம் நனைந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத அந்த நாட்களில், நனைந்த சாமான்களை வெயிலில் பரப்பும்போதுதான் பெபேயை ஐம்பது வருஷத்துக்குப் பிறகு பார்த்தேன். தண்டவாளம் துருப்பிடித்திருந்தது. எஞ்சினைத் துடைத்து அலமாரியில் வைத்தேன். ஓட்டவேண்டும் என்ற எண்ணமெல்லாம் அப்போது வரவில்லை.

2023 பொங்கல் சமயத்தில் தம்பி மகள் அஸ்தியோடு வந்தாள். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் கரைத்துவிட்டு இங்கே வந்து நான்கு நாள் தங்கினாள். ஊருக்குப் புறப்படும் முன் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்தாள். "பெரியப்பா, இது உங்களுக்கு" என்றாள். திறந்தால் பச்சை எஞ்சின். அதே பி பி 9201. இரண்டு கொம்பும் முழுசாக இருந்தன. "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்போதே அப்பா ஒரு பழைய சாமான் சந்தையில வாங்கினாங்க. என்னை விளையாட விட்டதே இல்லை. அவங்களும் ஓட்டினது இல்லை. கேட்டா, 'இது பெரியப்பாவோடது, ஊருக்குப் போகும்போது கொடுக்கணும்'னு சொல்வாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு எத்தனை முறை ஊருக்கு வந்திருப்பான்! ஏன் கொண்டுவரவில்லை என்று அவளுக்கும் தெரியவில்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உடைத்ததற்கு ஈடாக அவன் ஒரு எஞ்சின் வாங்கி வைத்திருக்கிறான், நாற்பது வருஷமாக. நானோ அறைந்ததற்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை, ஐம்பத்தாறு வருஷமாக.

இரண்டையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இந்தப் பொழுதுபோக்குக்கு வெகுநாள் கழித்துத் திரும்புகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி ஒன்று உண்டு. பழைய எஞ்சினைச் சரிசெய்வதா, புதிதாக ஒன்று வாங்குவதா? நானும் விசாரித்தேன். இன்றைய எஞ்சின்கள் அருமையானவை. அன்று தண்டவாளத்தில் வோல்டேஜைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்றவேண்டும். துருவத்தை மாற்றினால் பின்னால் போகும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின் நின்றால் இரண்டும் சேர்ந்தேதான் கிளம்பும். இப்போது டிஜிட்டல் முறை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்சாரம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் 'டிகோடர்' என்ற சின்ன பலகை, அதற்கு ஒரு எண். மூன்றாம் எண் எஞ்சின் நட என்றால் அது மட்டும் நடக்கும். இந்த முறையை அமெரிக்காவின் என்.எம்.ஆர்.ஏ. சங்கம் 1990களில் தரப்படுத்தியதால் எந்தக் கம்பெனி எஞ்சினும் எந்தக் கம்பெனி கருவியோடும் பேசும். ழுஎஃப் பெயரும் இன்னும் இருக்கிறது. 2004க்குப் பிறகு அது இங்கிலாந்தின் ஹார்ன்பி கம்பெனியின் கையில்.

விலையைக் கேட்டபோதுதான் தலை சுற்றியது. நல்ல புது எஞ்சின் 200 யூரோவுக்குக் குறையாது என்றாள் தம்பி மகள். அதற்கு மேல் சுங்க வரி. பொம்மைகள் மீதான இறக்குமதி வரியை 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கினார்கள், 2023ல் 70 ஆக்கினார்கள். உள்ளூர் பொம்மைத் தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் ஒரு எஞ்சின் வந்து சேரும்போது 30,000 ரூபாயைத் தாண்டிவிடும். பென்ஷன்காரன் என்ன செய்வான்?

ஆசை விடாமல், இணையத்தில் யாரோ விற்ற பழைய எஞ்சின் ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். படத்தில் பளபளவென்று இருந்தது. பிரித்துப் பார்த்தால் உள்ளே அடித்தட்டு முழுக்க விரிசல். தொட்ட இடம் பொரிமாவு போல உதிர்ந்தது. துத்தநாகக் கலவையில் வார்க்கும்போது ஈயம் முதலிய அசுத்தம் சேர்ந்துவிட்டால், பல வருஷம் கழித்து உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கி வெடிக்கும். அதற்கு மருந்து கிடையாது. பழைய எஞ்சின் வாங்குகிறவர்கள் மேல் கூட்டை மட்டும் பார்த்து ஏமாறாமல், அடித்தட்டின் படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 3,500 ரூபாய்க்கு நான் படித்த பாடம் அது.

ஆகவே இருப்பதைச் சரிசெய்வது. எனக்கு இப்போது கை லேசாக நடுங்கும். கண்ணும் முன்போல இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையனிடம் இரண்டு எஞ்சினையும் கொண்டுபோனேன். இருபத்தைந்து வயதிருக்கும். "ஐயா, இது என்ன, பேத்தி பொம்மையா?" என்றான். "இல்ல தம்பி, என்னுது" என்றேன். சிரித்தான். ஆனால் திறந்து பார்த்ததும் சிரிப்பு போய் ஆர்வம் வந்துவிட்டது.

பெபேயின் நோய்களை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் ஏதாவது இருந்தால் உதவும். முதலாவது, பல்சக்கரங்களில் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டு எதுவும் சுற்றவில்லை. குற்றவாளி நான்தான். அந்தக் காலத்தில் எண்ணெய் போடவேண்டும் என்று படித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தேன்! கடைகளில் போர்டு கழுவ வைத்திருக்கும் ஐ.பி.ஏ. திரவத்தையும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷையும் வைத்து அதைச் சுத்தம் செய்தோம். பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் எடுத்து ஒரு சொட்டு. அதற்கு மேல் கூடாது.

இரண்டாவது, சக்கரத்தில் பிடிமானத்துக்காகப் போட்டிருந்த ரப்பர் வளையம் காய்ந்து நொறுங்கியிருந்தது. சைக்கிள் வால்வ் ட்யூபை மெல்லிசாக நறுக்கிப் போட்டுப் பார்த்தேன். தடிமன் அதிகமாகி எஞ்சின் நொண்டியது. கடைசியில் தம்பி மகள் ஒரு தபால் உறையில் சரியான வளையம் அனுப்பினாள். உறையைவிட வளையத்தின் எடை குறைவு.

மூன்றாவதுதான் பெரியது, மோட்டார். ஆர்மெச்சூரில் மூன்று காயில். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் ஒன்று அறுந்திருந்தது. புயலின் ஈரம் உள்ளே போய்ச் செம்புக் கம்பி பச்சை பூத்திருந்தது. "இது தேறாது ஐயா" என்று பையன் சொல்லிவிட்டான்.

தம்பியின் எஞ்சினை உடனே ஓட்டிப் பார்க்க எனக்கு ஆசை. 12 வோல்ட் கொடுக்கப் போனேன். பையன் கையைப் பிடித்துக்கொண்டான். ஓடாமல் இருந்த பொருள் நல்ல பொருள் என்று நினைக்கக்கூடாதாம். நாற்பது வருஷத்தில் உள்ளே இருக்கும் கிரீஸ் மெழுகாகியிருக்கும், சுற்ற முடியாமல் மோட்டார் எரிந்துவிடும் என்றான். பிரித்தால் அப்படியே இருந்தது. சுத்தம் செய்து, கார்பன் பிரஷ் இரண்டையும் துடைத்து மாட்டி, 3 வோல்ட்டில் ஆரம்பித்தான். முதலில் ஒரு முனகல். பிறகு ஒரு துடிப்பு. பிறகு சுற்றியது.

அப்போது பையன் ஒரு யோசனை சொன்னான். "ஐயா, ரெண்டும் ஒரே மாடல். இந்த நல்ல மோட்டாரைக் கழட்டி உங்க பழசுல போட்டுடலாம். இல்லேன்னா புதுசையே வச்சிக்கிட்டு பழசை ஸ்பேருக்கு வச்சிக்கலாம். ரெண்டையும் சேத்து ஒண்ணு நல்லா ஓட்டலாம்." தொழில்முறையில் அவன் சொன்னது சரி. பெரிய ரயில்வேயிலும் இரண்டு எஞ்சினைப் பிரித்து ஒன்றாக்குவது உண்டு. எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு நாள் டைம் கேட்டுவிட்டு வந்தேன்.

அந்த இரண்டு நாளும் மாற்றுவது, புதுப்பிப்பது என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் பக்கத்து ரயிலின் கதையே அதுதானே. நாகப்பட்டினம் – திருச்சி பாதை 1860களின் தொடக்கத்தில் அகலப் பாதையாகத்தான் வந்தது. 1870களில் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். நம் காலத்தில் மறுபடி அகலப் பாதை ஆக்கினார்கள். நாகப்பட்டினத்துப் பணிமனை 1928ல் பொன்மலைக்குப் போனது. ஊட்டி மலை ரயிலுக்குச் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எஞ்சின்களைப் பல காலமாகப் பழுது பார்த்துவந்த அதே பொன்மலைப் பணிமனை, ஒரு கட்டத்தில் அதே வடிவத்தில் புது எஞ்சின்களையே செய்து கொடுத்துவிட்டது. பெரம்பூரிலோ வேறு கதை. 1855ல் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சினை, வெறும் இரும்பாகக் கிடந்ததை, 2010ல் மறுபடி ஓட வைத்தார்கள். இரண்டும் சரிதான். மலையேறுகிற எஞ்சினுக்கு வேலை நடக்கவேண்டும். பெரம்பூர் எஞ்சினுக்கு அது அதுவாகவே இருக்கவேண்டும். நம் பொருள் இதில் எந்த வகை என்று தெரிந்துகொண்டுவிட்டால் மாற்றுவதா, பழுது பார்ப்பதா என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தம்பி வாங்கிய எஞ்சின் பெபேக்கு மாற்று என்றுதான் அவன் நினைத்திருப்பான். அதன் மோட்டாரைப் பிடுங்கினால் அவன் கொடுத்ததை நான் உதிரிச் சாமான் ஆக்கிவிடுகிறேன். அதை வைத்துக்கொண்டு பழசை ஒதுக்கினால், மாமா கொடுத்ததையும், அந்த மத்தியானத்தையும் சேர்த்துப் பரணில் ஏற்றுகிறேன். எனக்கு இரண்டுமே வேண்டாம். கடைக்குப் போய், "தம்பி, ரெண்டும் தனித்தனியா ஓடணும்" என்றேன். "அப்ப பழசுக்கு வேற மோட்டார் வேணுமே ஐயா" என்று யோசித்தவன், குப்பைப் பெட்டியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரின் சி.டி. டிரைவை எடுத்தான்.

சி.டி. தட்டை வெளியே தள்ளுவதற்கு உள்ளே ஒரு சின்ன மோட்டார் இருக்கும். ஏறக்குறைய இரண்டு ரூபாய் நாணயத்தின் அகலம். பழைய மோட்டார் இருந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பிரான்சிலும் பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் இந்த வித்தையைத்தான் செய்கிறார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பிரெஞ்சு மீடியம் படித்ததற்கு எழுபது வயதுக்கு மேல் ஒரு பயன்!

கஷ்டம் இரண்டு இடத்தில். பழைய பல்சக்கரத்தைப் புது மோட்டாரின் அச்சில் சரியாக நடு மையத்தில் பொருத்தவேண்டும். மயிரிழை விலகினாலும் இரையும். மூன்று முறை கழற்றி மாட்டினான். அடுத்தது வோல்டேஜ். இந்த மோட்டார் 6 வோல்ட்டுக்கானது. என் கன்ட்ரோலர் 12 வரை கொடுக்கும். அதனால் எதிரெதிராக இணைத்த டயோடு ஜோடிகளை வரிசையாக மோட்டாருக்கு முன்னால் பற்றவைத்தான். ஒவ்வொரு ஜோடியும் ஏறக்குறைய 0.7 வோல்ட்டை விழுங்கும். எந்தத் திசையில் ஓடினாலும் விழுங்கும். தம்பியின் எஞ்சின் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது, பெபே அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இழுப்பதில்லை. ஆட்டுரலுக்கும் மிக்சிக்கும் உள்ள வித்தியாசம். பையன் வாங்கிக்கொண்டது 400 ரூபாய். அதையும் வேண்டாம் என்றான்.

டிஜிட்டலாக்கலாமா என்றும் பார்த்தேன். அன்றைய எஞ்சின்களில் மோட்டாரின் ஒரு முனை அடித்தட்டோடே சேர்ந்திருக்கும். அதை முழுசாகப் பிரித்துத் தனிமைப்படுத்தாமல் டிகோடர் வைத்தால் டிகோடர் எரிந்துபோகும். சி.டி. மோட்டார் போட்ட பெபேக்கு அது இப்போது சுலபம். தம்பியின் எஞ்சினில் செய்ய வேண்டுமானால் உள்ளே வெட்டவேண்டும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இரண்டும் பழைய முறையிலேயே ஓடட்டும்.

போன வருஷம் ஷீரடி போனபோது வழியில் புனேயில் இறங்கி, கோத்ருட் பகுதியில் உள்ள ஜோஷி மினியேச்சர் ரயில் மியூசியத்தைப் பார்த்தோம். 1998ல் திறந்தது. எத்தனையோ ரயில்கள் ஒரே நேரத்தில் சிக்னல் பார்த்து நின்று போகின்றன. மனைவி, "சாமி பாக்க வந்தீங்களா, இதைப் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. திரும்பிய பிறகு மாடியறையில் எட்டடிக்கு நான்கடி பிளைவுட் பலகை போட்டேன். அதில் தஞ்சாவூர் மாவட்டத்தையே செய்துவிட ஆசைதான். ஆனால் கணக்கு உதைக்கிறது. என் ரயில் 87ல் ஒரு பங்கு அளவு, தண்டவாளம் 16.5 மில்லிமீட்டர். அது பிரான்சின் பாதைக்குச் சரி. நம் அகலப் பாதைக்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். நான் சின்ன வயதில் பார்த்த மீட்டர் கேஜுக்கு 12 போதும். ஆகவே என் பலகையில் பிரெஞ்சு எஞ்சின் நம் வயலுக்கு நடுவே போகிறது. ஓரமாக ஒரு வாய்க்கால், புதாறு என்று வைத்துக்கொள்ளுங்கள். காரைக்கால்காரனுக்கு அதில் ஒன்றும் விசித்திரம் இல்லை.

இரண்டு எஞ்சினையும் சேர்த்து ஒரே வண்டியில் பூட்ட முடியாது. மோட்டார் வேறு வேறானதால் ஒரே வோல்டேஜில் ஒரே வேகம் போகாது. ஒன்று இழுக்கும், ஒன்று தடுக்கும். ஆகவே முறை வைத்திருக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெபே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பியுடையது. பெபேயின் முன் கொம்பை மட்டும் புதிதாகப் போடவில்லை. சின்ன சாமான்தான், அங்கே கிடைக்கிறது, வாங்கி அனுப்புகிறேன் என்று தம்பி மகள் சொன்னாள். இருக்கட்டும் என்றேன். ஒடிந்த துண்டு, 1965ல் அவன் என் கையில் கொடுத்தது, தீப்பெட்டியில் இருக்கிறது.

முதல் நாள் ஓட்டியபோது பேரன் பக்கத்தில் நின்றான். பத்து வயது. கையைக் கட்டிக்கொண்டு நின்றான், யாரும் சொல்லாமலே. "தாத்தா, ஒரு தடவை நான் ஓட்டட்டுமா?" என்றான். என்னையறியாமல் என் கை எஞ்சினை மறைக்கப் போனது. பழக்கதோஷம்! பிறகு கன்ட்ரோலரை அவனிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். பயல் எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தான். இரண்டாவது சுற்றில் வளைவில் தம்பியின் எஞ்சின் கவிழ்ந்து, பலகை ஓரத்தில் நான் அடித்து வைத்திருந்த கட்டையில் மோதி நின்றது. பேரன் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தான்.

"ஒண்ணும் ஆகலடா. தூக்கி வச்சு மறுபடி ஓட்டு" என்றேன்.

தூக்கி வைத்தான். ஓடியது.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். ரேடியோ, கடிகாரம், காமிரா, தையல் மெஷின் எதுவானாலும் சரி. எடுத்தவுடன் கரண்டில் சொருகாதீர்கள். முதலில் சுத்தம் செய்யுங்கள். பிறகு பக்கத்து ரிப்பேர் கடைப் பையனிடம் காட்டுங்கள். அந்தப் பொருளைப் பற்றி யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருந்தால், அவர் இருக்கும்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

பொங்கலுக்குத் தம்பி மகள் மறுபடி வருகிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவின் எஞ்சின் முறை வரும்படி கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். ஓட்டப் போவது அவள்தான்.